சால்சா: ரைட் டர்ன் கொடுத்ததும் அடுத்த 1 தவறிப்போகிறது, கோளாறு எங்கே?

முதல்_அடி எழுதியது:

சால்சா கற்க ஆரம்பித்திருக்கிறேன், லீடராக (ஜோடியை வழிநடத்துபவராக), ஆன் 1 முறையில், அதாவது திசை மாறும் அடி 1-ல் விழும் முறையில். எட்டு பீட்டுக்கு எண்ணி ஆடும் பேசிக் ஸ்டெப் தனியாக ஆடும்போது சரியாக வருகிறது. 1-ல் இடது கால் முன்னால், 2-ல் வலது கால் இருந்த இடத்திலேயே, 3-ல் இடது கால் திரும்ப நடுவுக்கு, 4-ல் ஒன்றுமில்லை. அப்புறம் 5-ல் வலது கால் பின்னால், 6-ல் இடது கால் இருந்த இடத்தில், 7-ல் வலது கால் நடுவுக்கு, 8 சும்மா. பார்ட்னரோடு ஆடும்போதும் இதுவரை பிரச்சினை இல்லை.

ஆனால் அவரை வலப்பக்கமாகச் சுற்றவிடும் ரைட் டர்ன் வந்தால் போதும், எல்லாம் கலைந்துவிடுகிறது. அவர் சுற்றி முடித்து என் பக்கம் திரும்பும்போது பாட்டு அடுத்த 1-ஐத் தாண்டிப் போயிருக்கும். இரண்டு பேரும் நின்று மறுபடி எண்ணி ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. சில நேரம் எனக்கு நேராக வந்து நிற்காமல் பக்கவாட்டில் போய் நிற்கிறார், அது ஏன் என்றே புரியவில்லை.

கையை எந்தக் கவுன்டில் தூக்க வேண்டும்? அவர் சுற்றும்போது என் கால்கள் என்ன செய்ய வேண்டும்? பார்த்த வீடியோக்களில் எல்லோரும் கையைத்தான் காட்டுகிறார்கள். இது சரியாகும்வரை, இருவரும் இடம் மாறும் க்ராஸ் பாடி லீட் பக்கம் போகாமல் இருப்பது நல்லதா? திசை மாறும் அடி 2-ல் விழும் ஆன் 2-க்கு மாறினால் டர்ன் எளிதாகிவிடும் என்றும் ஒருவர் சொன்னார், அது உண்மையா?

எட்டாம்_பீட் எழுதியது:

கையை விட்டுவிட்டு முதலில் உங்கள் காலைப் பாருங்கள். அவர் சுற்றும்போது நீங்கள் நின்றுவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். புதிதாக லீட் செய்பவர்களில் பெரும்பாலானவர்கள் இதைத்தான் செய்கிறார்கள், கவனம் முழுவதும் தூக்கிய கையில் போய்விடுவதால் கால் தானாக நின்றுவிடும். 3-ல் உங்கள் எடை இடது காலில் இருக்கிறது. 5, 6, 7-ல் கால் மாற்றாமல் அப்படியே நின்றால் அடுத்த 1 வரும்போதும் எடை இடது காலில்தான் இருக்கும், ஆனால் 1-ல் முன்னால் போக வேண்டியதும் அதே இடது கால்தான். எடை தாங்கிக்கொண்டிருக்கும் காலை எப்படித் தூக்குவீர்கள்? அதற்காக ஒரு அவசர மாற்று அடி போடுவீர்கள், அதற்குள் 1 போய்விடும். நீங்கள் சொல்லும் குழப்பத்தில் பாதி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே அவர் சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் உங்கள் கால் பேசிக்கைத் தொடர்ந்துகொண்டே இருக்க வேண்டும். 5-ல் வலது பின்னால், 6-ல் இடது, 7-ல் வலது நடுவுக்கு. ஒரே ஒரு மாற்றம், 5-ல் பின்னால் வைக்கும் அடி மிகச் சின்னதாக இருக்கட்டும், ஒரு பாத நீளத்துக்கு மேல் வேண்டாம். நீங்கள் பெரிதாகப் பின்னால் போனால் உங்கள் கையும் கூடவே போகும், அவர் கையும் இழுபடும், சுற்றிக்கொண்டிருக்கும் ஒருவருடைய கையை இழுத்தால் அவர் நேராக நிற்க முடியாது. பக்கவாட்டில் போய் நிற்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது கை. அவருடைய பேசிக் உங்களுடையதற்குக் கண்ணாடிப் பிம்பம்: 1-ல் வலது பின்னால், 5-ல் இடது முன்னால். அதாவது சிக்னல் எதுவும் வராவிட்டால் 5-ல் அவர் நேராக முன்னால் அடி வைப்பார். நீங்கள் 5-ல்தான் கையைத் தூக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் அவர் இடது காலை நேராக வைத்துவிட்டார். டர்ன் என்று அவருக்கு 6-ல்தான் தெரிகிறது, மூன்று அடியில் செய்ய வேண்டியதை இரண்டு அடியில் செய்யப் பார்க்கிறார், முடியாமல் 8-க்கும் 1-க்கும் இழுத்துக்கொண்டு போகிறார். எனவே கை 3-ல் மேலே கிளம்பி 4-க்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அந்த 4-ல் யாரும் கால் வைப்பதில்லை என்பது இங்கே பெரிய உதவி. அவர் சிக்னலைப் படித்துக்கொள்ளக் கிடைக்கும் நேரம் அதுதான்.

அவருடைய கால்கள் செய்வதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 5-ல் இடது கால் முன்னால், உடனே பாதத்தின் முன்பகுதியில் வலப்பக்கமாக அரை வட்டம், 6-ல் எடை வலது காலுக்கு, மறுபடி அரை வட்டம், 7-ல் இடது கால் பக்கத்தில் வந்து சேர்கிறது. இதே காலடியை நீங்கள் 1, 2, 3-ல் ஆடினால் அது லீடருடைய ரைட் டர்ன், உங்களுக்கும் 1-ல் முன்னால் போவது இடது கால்தானே. ஆகவே தனியாக இருக்கும்போது இந்த மூன்று அடியையும் சுற்றிச் சுற்றிப் பழகுங்கள், ஒரே பயிற்சியில் உங்கள் டர்னும் வரும், அவர் என்ன செய்கிறார் என்பதும் உடம்பில் ஏறும்.

பார்ட்னரோடு பழகும்போது முதலில் கையே பிடிக்காமல் ஆடிப் பாருங்கள். எதிரெதிரே நின்று, வாய்விட்டு எண்ணி, நீங்கள் பேசிக்கைத் தொடர அவர் 5-6-7-ல் தானாகச் சுற்றட்டும். கை இல்லாமல் இருவரும் 1-ல் நேருக்கு நேர் வந்து நிற்க முடிந்தால் கால் சரி, இனி கையைச் சேர்க்கலாம். கை பிடிக்காமலே தவறினால் கையைத் திருத்திப் பயன் இல்லை.

க்ராஸ் பாடி லீடைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டையும் சேர்த்தே பழகலாம்.

சுழல்காற்று எழுதியது:

நான் ஃபாலோ செய்பவள், அதாவது லீடர் காட்டுவதற்கேற்ப ஆடுபவள், அந்தப் பக்கத்திலிருந்து சிலது சொல்கிறேன். மேலே எட்டாம்_பீட் சொன்ன 3, 4 விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. 4-ல் கை மேலே இருந்தால் எனக்கு எல்லா நேரமும் கிடைத்துவிடுகிறது, அவசரமே தெரியாது. 5-ல் தூக்கினால் அது டர்னா அல்லது கையை வேறு எங்கோ கொண்டுபோகிறாரா என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் கையைத் தூக்குவதில் இன்னும் சில இருக்கின்றன. முதலாவது உயரம். என் நெற்றிக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். உங்கள் உயரத்துக்கு ஏற்றபடி தூக்கினால், நீங்கள் உயரமானவர் என்றால், என் தோள் காதுவரை போய்விடும், தோள் ஏறிவிட்டால் முதுகு வளையும், முதுகு வளைந்தால் சுற்றுவது தள்ளாட்டம்தான். குடை பிடிப்பதுபோல என் தலைக்கு நேர் மேலே வையுங்கள், என் பக்கம். உங்களுக்கும் எனக்கும் நடுவில் கையை வைத்துக்கொண்டு சுற்றச் சொன்னால் கையைத் தேடிக்கொண்டு நான் உங்கள் மேல் சாய வேண்டியிருக்கும்.

இரண்டாவது கட்டைவிரல். தயவுசெய்து கட்டைவிரலால் என் புறங்கையை அழுத்திப் பிடிக்காதீர்கள். டர்னில் என் கை உங்கள் விரல்களுக்குள்ளே சுழல வேண்டும். உங்கள் விரல்கள் கொக்கிபோல லேசாக மடங்கியிருந்து, என் விரல்கள் அதன்மேல் தொங்கிக்கொண்டிருந்தால் போதும். இறுக்கிப் பிடித்தால் நான் சுற்றச் சுற்ற மணிக்கட்டு முறுகும், வலிக்கும், வலிக்கு பயந்து அடுத்தடுத்த டர்ன்களில் உடம்பு தானாகவே இறுகிவிடும். நிறைய பேர் ஃபாலோயர் இறுக்கமாக ஆடுகிறார் என்று குறை சொல்வார்கள், அந்த இறுக்கத்துக்கான காரணம் பல நேரம் லீடரின் கட்டைவிரலில் இருக்கிறது.

மூன்றாவது, கையால் என்னைச் சுற்றிவிட வேண்டாம். சுற்றுவது என் வேலை. மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசையில் என் தலைக்கு மேல் உங்கள் கை சின்னதாக ஒரு வட்டம் போட்டால் போதும், அது எந்தப் பக்கம், எப்போது என்று சொல்கிறது. வேகமாகக் கிண்டினால் என் நிலை குலைந்துவிடும். 7-ல் கை இறங்கி இடுப்பு உயரத்துக்கு வந்துவிட வேண்டும், அப்போதுதான் டர்ன் ஒன்றோடு முடிந்தது என்று எனக்குத் தெரியும். கை மேலேயே இருந்தால் இன்னொரு சுற்று கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அவருக்கும் ஒன்று சொல்லுங்கள். கை தூக்கியதைப் பார்த்ததும் 4-லேயே சுற்ற ஆரம்பித்துவிடும் பழக்கம் ஃபாலோயர்களிடம் உண்டு, சீக்கிரம் ஆரம்பித்து சீக்கிரம் முடித்துவிட்டு 7-க்காகக் காத்திருப்பது. 3-ல் எடை முழுவதும் வலது காலில் இறங்கட்டும், இடது கால் காலியாக இருக்கட்டும். 4-ல் அந்த இடது காலைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தள்ளாடாமல் தூக்க முடிந்தால் எடை மாறியிருக்கிறது. முடியாவிட்டால் எடை இரண்டு காலிலும் பங்காக நிற்கிறது, அப்படி நின்றுகொண்டு யாராலும் ஒழுங்காகச் சுற்ற முடியாது.

மாம்போ_பிரியன் எழுதியது:

ஆன் 2 கேள்விக்கு மட்டும் பதில். எளிதாகாது.

இரண்டிலும் கால் வைப்பது அதே 1, 2, 3, 5, 6, 7-ல்தான் (நியூயார்க் பாணி ஆன் 2-ஐச் சொல்கிறேன்). திசை மாறும் அடி எங்கே விழுகிறது என்பதில்தான் வித்தியாசம். ஆன் 1-ல் அது 1-லும் 5-லும். ஆன் 2-ல் 2-லும் 6-லும், லீடர் 2-ல் வலது காலைப் பின்னால் வைப்பார், 6-ல் இடது காலை முன்னால். கோங்கா டிரம்மின் பளீரென்ற அடி 2-ல் விழுவதால் அதனோடு திரும்புவது தனி சுகம், நான் ஆடுவது அதுதான், மனதார நேசித்து ஆடுகிறேன். 1950-களில் நியூயார்க்கின் பல்லேடியம் பால்ரூமில் டீட்டோ புவென்டே, மச்சீட்டோ, டீட்டோ ரோட்ரிகஸ் குழுக்களின் இசைக்கு மாம்போ ஆடினார்கள், அந்த அரங்கம் 1966-ல் மூடப்பட்டது. அந்த மாம்போவிலிருந்து வந்ததைப் பின்னால் நியூயார்க் நடன ஆசிரியர் எடி டோரஸ் கவுன்ட் வைத்து ஒழுங்குபடுத்திச் சொல்லிக்கொடுத்ததால்தான் ஆன் 2 இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது.

ஆனால் எடை மாறாத கால் ஆன் 2-லும் எடை மாறாத கால்தான். உங்களோடு ஆடுபவர்கள் எந்த முறையில் ஆடுகிறார்களோ அதிலேயே நில்லுங்கள், டர்ன் கைவந்தபின் மாறலாம். கியூபாவின் காசினோ பாணி வேறு மாதிரி, அதில் இருவரும் ஒருவரையொருவர் சுற்றி வட்டமாக நகர்வார்கள், ஆன் 1 வகுப்பில் படிக்கும் நேர்க்கோட்டு நகர்வு அங்கே அப்படியே செல்லாது. வீடியோ பார்த்துப் பழகும்போது அது எந்தப் பாணி என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல்_அடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கையே பிடிக்காமல் ஆடும் பயிற்சியைச் செய்து பார்த்தோம். எட்டாம்_பீட் சொன்னதுதான், 5-ல் என் கால் நின்றுபோகிறது என்று பார்ட்னரே காட்டிக்கொடுத்தார். காலைத் தொடரவிட்டதும் வாய்விட்டு எண்ணி ஆடும்போது டர்ன் 7-ல் முடிகிறது, பக்கவாட்டில் போவதும் குறைந்திருக்கிறது. கட்டைவிரலை எடுத்ததும் அவர் முகமே மாறிவிட்டது, சுழல்காற்றுக்குத் தனி நன்றி.

ஆனால் பாட்டு போட்டால் வேறு சிக்கல். டர்ன் கொடுக்கும்போது எண்ணுவது விட்டுப்போகிறது, முடிந்தபின் 1 எங்கே என்று பாட்டில் தேட வேண்டியிருக்கிறது. சினிமாப் பாட்டில் முதல் பீட் பலமாகக் கேட்கும், இதில் அப்படிக் கேட்கவில்லை. எதைக் கேட்க வேண்டும்?

தோல்கருவி எழுதியது:

நான் ஆடுவதைவிட வாசிப்பது அதிகம், அதனால் இதற்குப் பதில் சொல்லலாம்.

உங்களுக்கு 1 கேட்காததற்குக் காரணம் பேஸ் கிட்டார். பெரும்பாலான இசையில் பேஸ் 1-ஐ ஊன்றிக் கொடுக்கும், நம் காது அதற்குப் பழகியிருக்கிறது. சால்சாவில் பேஸ் 2-க்கும் 3-க்கும் நடுவில் ஒன்று, 4-ல் ஒன்று என்று விழுந்து, 1-ஐப் பெரும்பாலும் விட்டுவிட்டுப் போகும். 4-ல் அடித்த சுரம் 1-ன் மேல் நீண்டுகொண்டிருக்கும். பேஸைப் பிடித்துக்கொண்டு 1-ஐத் தேடினால் கிடைக்காது.

கோங்காவைக் கேளுங்கள். 2-ல் பளீரென்று ஒரு அறை, 4-லும் 4-க்கு அடுத்த அரை பீட்டிலும் 'தும் தும்' என்று திறந்த இரண்டு அடி. இதே வரிசை 6-லும் 8-லும் திரும்ப வரும். நீங்கள் கால் வைக்காமல் விடும் 4-லும் 8-லும்தான் கோங்கா இந்த இரண்டு அடியைக் கொடுத்து இடத்தை நிரப்புகிறது. ஆகவே 'தும் தும்' முடிந்ததும் வருவது 1 அல்லது 5. கால் ஓய்வு எடுக்கும் இடத்தில் காதுக்கு வேலை இருக்கிறது, இது பிடிபட்டால் எண்ணாமலே ஆடலாம்.

1-ஆ 5-ஆ என்பதைப் பாடகரிடம் கேளுங்கள். பாட்டு வரிகள் பெரும்பாலும் எட்டு பீட்டுக்கு ஒரு வாக்கியமாக ஓடும், வாக்கியத் தொடக்கத்தின் பக்கத்தில் 1 இருக்கும். க்ளாவே என்ற குச்சிகளின் ஐந்து அடி அமைப்பும் எட்டு பீட்டுக்கு ஒருமுறை முழுமையாகும், ஒரு பாதியில் மூன்று அடி, மறுபாதியில் இரண்டு. எந்தப் பாதி முதலில் என்பது பாட்டுக்குப் பாட்டு மாறும், தொடக்கத்தில் அதை வைத்து 1-ஐத் தேட வேண்டாம்.

இன்னொரு வழி மணி. பாட்டின் பிற்பாதியில் கோரஸும் பாடகரும் மாறிமாறிப் பாடும் மொன்டூனோ பகுதி வரும். அங்கே போங்கோ என்ற இரட்டைச் சிறு டிரம்மை வாசித்துக்கொண்டிருந்தவர் அதை வைத்துவிட்டுக் கையில் ஒரு பெரிய மணியை எடுப்பார், கம்பானா என்பார்கள். அதன் கனமான அடி 1, 3, 5, 7-ல் விழும். பாட்டின் தொடக்கத்தைவிட அந்த இடத்தில் தாளம் தெளிவாகக் கேட்கும், புதியவர்கள் டர்ன் பழக நல்ல இடம் அது. வேகம் குறைந்த பாட்டுகளாக எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 200 பீட்டுக்கு மேல் ஓடும் பாட்டுகளும் சால்சாவில் தாராளமாக உண்டு, 150, 160-ல் இருப்பவற்றில் பழகினால் கோங்காவைத் தனியாகப் பிரித்துக் கேட்கக் காதுக்கு நேரம் கிடைக்கும்.

முதலில் ஆடாமல் உட்கார்ந்து கேளுங்கள். 2-ல் மட்டும் தொடையில் தட்டிப் பழகுங்கள். பிறகு நின்று பேசிக், அதன்பிறகு டர்ன்.

எட்டாம்_பீட் எழுதியது:

தோல்கருவி சொன்னதை அப்படியே ஏற்கிறேன், ஆனால் எண்ணுவதை இப்போதே விட வேண்டாம். காது பழகும்வரை டர்ன் நேரத்தில் மட்டும் 'ஐந்து, ஆறு, ஏழு' என்று மெதுவாக வாய்விட்டுச் சொல்லுங்கள். பார்ட்னருக்கும் அது உதவும், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

காலணியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ரப்பர் அடி உள்ள ஷூ போட்டுக்கொண்டு சுற்றப் பழகாதீர்கள். தரை ஷூவைப் பிடித்துக்கொள்ளும், பாதம் திரும்பாது, உடம்பு மட்டும் திரும்பும், அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் போய் விழும். ஸ்வேட் அல்லது வழவழப்பான தோல் அடி உள்ளது நல்லது. சுற்றும்போது குதிகால் தரையிலிருந்து லேசாக விலகி எடை பாதத்தின் முன்பகுதியில் இருக்கட்டும், முழங்கால் சற்று தளர்ந்திருக்கட்டும்.

சுழல்காற்று எழுதியது:

தலைசுற்றல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் பார்ட்னருக்குச் சீக்கிரமே வரும். சுற்றும்போது உடம்போடு தலையையும் சேர்த்துத் திருப்பாமல், கண் உங்கள் முகத்தில் முடிந்தவரை நிற்க வேண்டும், உடம்பு திரும்பி இனி முடியாது என்ற இடத்தில் தலை சட்டென்று சுற்றி மறுபடி உங்கள் முகத்துக்கு வந்துவிட வேண்டும். ஸ்பாட்டிங் என்பது இதுதான். ஒரு சுற்றில் பெரிதாகத் தெரியாது, இரண்டு மூன்று சுற்று அடுத்தடுத்து வரும்போது இது இல்லாமல் முடியாது. நீங்களும் உங்கள் டர்னுக்கு இதைப் பழகுங்கள். தரையைப் பார்த்துக்கொண்டு சுற்றினால் எந்தப் பக்கம் முடிந்தது என்றே தெரியாது.

க்ராஸ் பாடி லீடுக்கு எட்டாம்_பீட் ஒரே வரியில் போய்விட்டார், அதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு எல்லா டர்னையும்விட அது பிடிக்கும், நன்றாக லீட் செய்தால் நடப்பது போலவே இருக்கும். 1-ல் நீங்கள் வழக்கம்போல இடது கால் முன்னால். 2-ல் எடையை வலது காலுக்கு மாற்றிக்கொண்டே உடம்பை இடப்பக்கம் திருப்ப ஆரம்பியுங்கள், 3-ல் இடது கால் பக்கவாட்டில் விலகி விழும்போது என் பாதையிலிருந்து முழுவதும் ஒதுங்கி, அந்தப் பாதைக்குப் பக்கவாட்டாக நிற்பீர்கள். இப்போது என் முன்னால் வழி திறந்திருக்கிறது. 5, 6, 7-ல் நான் அந்த வழியில் இடது, வலது, இடது என்று நடந்து கடந்து, அந்தப் பக்கம் போய் உங்களை நோக்கித் திரும்புவேன். நீங்களும் மீதிக் கால் வட்டத்தை இடப்பக்கமே திரும்பி முடிப்பீர்கள். இருவரும் இடம் மாறியிருப்போம், அடுத்த 1-ல் பேசிக்.

இதில் லீடர்கள் செய்யும் தவறு, 3-ல் பாதி மட்டும் ஒதுங்குவது. வழியில் ஒரு தோள் நின்றுகொண்டிருந்தால் நான் நேராக நடக்க முடியாது, உங்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், சுற்றுவழியில் போனால் 7-ல் வந்துசேர மாட்டேன். இன்னொன்று, என் முதுகில் தோள்பட்டைக்குக் கீழே இருக்கும் உங்கள் வலது கை 5-ல் நடக்கச் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் தள்ளக்கூடாது. முதலில் ஒதுங்குங்கள், பிறகு அழையுங்கள்.

இரண்டும் வந்தபின் சேர்த்து ஆடிப் பாருங்கள். ஒரு பேசிக், ஒரு ரைட் டர்ன், கை இறங்கியதும் அடுத்த 1-லிருந்து க்ராஸ் பாடி லீட், மறுபடி பேசிக். ரைட் டர்னில் உங்கள் கால் 7-ல் நடுவுக்கு வந்திருந்தால் மட்டுமே அடுத்த 1 கிடைக்கும், ஆகவே எங்கே நின்றுபோகிறது என்பதை இந்த வரிசையே காட்டிவிடும். மொன்டூனோ வரும்வரை பேசிக்கில் இருந்துவிட்டு, மணி கேட்டதும் இதை ஆரம்பியுங்கள்.